கட்டைவிரலால் சரிபார்த்த கல்யாணப் பத்திரிகை

1

எங்கள் வீட்டுக் கணினியைக் கழிவுக் கிடங்கில் போட்டுவிட்டு வந்து இந்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. யாரும் அதை நினைக்கவில்லை. நான்தான் நினைத்துக்கொண்டு பொருமுகிறேன்.

ஜெர்மனியில் பழைய சாமானைத் தெருமுனையில் வைத்துவிட்டு நழுவ முடியாது. நகராட்சிக் கிடங்குக்குத்தான் கொண்டுபோக வேண்டும். அதற்கு முன்பதிவு வேண்டும். நான் இந்த ஊரில்தான் குடியிருக்கிறேன் என்பதற்கு அத்தாட்சி வேண்டும். வேப்பந்தட்டையில் என்றால் பழைய இரும்புக்காரர் வாசலுக்கே வந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருப்பார். இங்கே கவுண்டரில் இருந்தவர், என்ன கோளாறு என்று கேட்டார். கெட்டுப்போய்விட்டது என்று சொல்லியிருக்க வேண்டும். அவசரத்தில், மனிதர் காலமானால் சொல்கிற மரியாதையான வார்த்தையைப் போட்டுவிட்டேன். அவர் சிரிக்காமல், தன் ஆழ்ந்த அனுதாபங்களைத் தெரிவித்தார். கூட வந்த என் மகள் யாழினி விறுவிறுவென்று போய்க் காருக்குள் உட்கார்ந்துகொண்டாள்.

உண்மையில் அது கெட்டும் போகவில்லை. மெதுவாக வேலை செய்தது, அவ்வளவுதான். எனக்கும்தான் மாடி ஏறினால் முட்டி வலிக்கிறது, அதற்காக என்னைக் கொண்டுபோய்க் கிடங்கிலா போட்டார்கள். கூடத்து மூலையை அடைக்கிறது என்றாள் என் மனைவி சுமதி. போனில் இல்லாதது அதில் என்ன இருக்கிறது என்றாள் யாழினி. இரண்டு பேரும் ஒரு கட்சி. எனக்கு இந்த வீட்டில் ஒரு ஓட்டுத்தான்.

2

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். ரயில் சீட்டு, வங்கி, டாக்டரிடம் நேரம் கேட்பது, நாளைக்கு மழையா வெயிலா என்று பார்ப்பது எல்லாம் இப்போது கைபேசியில்தான். என் அக்கா மல்லிகா வேப்பந்தட்டையில் அடுப்படியில் நின்றுகொண்டு குழம்பைக் கிளறுவதை, தொழிற்சாலை வாசலில் பேருந்துக்கு நிற்கிற நான் பார்க்கிறேன். பெரிய கணினிக் காலத்தில் இதெல்லாம் உண்டா. பார்ப்பதற்கும் பேசுவதற்கும் அதை மிஞ்ச ஆளில்லை. ஒரு வேலையை உட்கார்ந்து முழுசாகச் செய்ய வேண்டும் என்று வரும்போதுதான் வினை.

அக்கா மகள் அபிநயாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை எறையூர், கரும்புக்காரக் குடும்பம், தங்கமான பையன். முகூர்த்தம் வந்தது இங்கே பள்ளிக்கூடம் நடக்கும் நாளில். யாழினிக்கு லீவு கேட்க வேண்டும். கடிதம் எழுதி, கையெழுத்துப் போட்டு, படம் பிடித்து, பிடிஎஃப் ஆக்கி, பள்ளியின் செயலியில் ஏற்ற வேண்டும். பாதி எழுதும்போது ஒரு அழைப்பு வந்தது. பேசிவிட்டுத் திரும்பினால் எழுதியதைக் காணோம். மறுபடி எழுதினேன். மேலே என்ன எழுதினேன் என்று பார்க்கப் போனால் கீழே எழுதிக்கொண்டிருந்த இடம் தப்பிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதிலேயே போனது. திங்கட்கிழமை பதில் வந்தது. பக்கம் பக்கவாட்டில் கிடக்கிறதாம். அதோடு, அத்தை மகள் நெருங்கிய உறவில் சேராதாம், விளக்கம் தேவையாம்.

தாய்மாமன் இல்லாமல் எங்கள் பக்கம் பந்தக்கால்கூட நட மாட்டார்கள் என்பதை ஜெர்மன் மொழியில், கட்டைவிரல் அகலப் பெட்டிக்குள், எப்படி விளக்குவது. யாழினி போனை வாங்கி இரண்டு தட்டுத் தட்டிப் பக்கத்தை நிமிர்த்திக் கொடுத்தாள்.

"போன் சரியாத்தான்பா இருக்கு. உனக்குத்தான் தெரியல" என்றாள்.

எரிச்சலாக வந்தது. கோபத்தில் அன்றைக்குச் சாப்பிடும்போது யாரோடும் பேசவில்லை. அதை அவர்கள் கவனித்ததாகவும் தெரியவில்லை, அவரவர் போன் அவரவர் கையில்.

3

இனி சொல்லப்போவதுதான் என் ஆத்திரத்துக்கு மூல காரணம்.

அக்கா வீட்டுக்காரர் செல்வராசு இறந்து ஆறேழு வருஷம் ஆகிறது. அவருடைய தம்பி கலியபெருமாள் அரியலூரில் இருக்கிறார், சிமெண்ட் ஆலைக்கு ஓடுகிற லாரி வைத்திருக்கிறார். அண்ணன் போன மறு வருஷமே பொதுக் கிணற்றுத் தண்ணீர் முறையில் அக்காவுக்கும் அவருக்கும் தகராறு வந்து பேச்சு நின்றுபோயிற்று. அதற்கு முன் அபிநயாவைத் தோளிலிருந்து இறக்காத மனுஷன். அரியலூரிலிருந்து வரும்போதெல்லாம் அவளுக்கு என்று ஒரு பொட்டலம் இருக்கும்.

கல்யாணத்தில் பெண்ணைத் தாரைவார்த்துக் கொடுக்கத் தம்பதியாக உட்கார வேண்டும். தனி ஆளாக நின்று பெண்ணைப் படிக்கவைத்து ஆளாக்கியது என் அக்கா. ஆனால் அவள் மணையில் உட்காரக் கூடாதாம். இந்த வழக்கத்தை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "நீயே உக்காருக்கா, எவன் கேக்கறான்னு பாப்போம்" என்றேன். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. "அவங்க அப்பா இருந்தா உக்காந்திருப்பாரு. அவரு இல்லாத இடத்துல அவரு தம்பிதான்டா உக்காரணும். என் மேல கோவம்னா இருக்கட்டும், புள்ள என்ன பண்ணிச்சு" என்றாள். அவள் ஆசை அது ஒன்றுதான். மண்டபம், சாப்பாடு, நகை எதைப் பற்றியும் இவ்வளவு பேசவில்லை.

நான் இங்கிருந்து கலியபெருமாளுக்குப் பேசினேன். விட்டு விட்டுப் பல தடவை பேசினேன். ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் நேரில் போனார்கள். கடைசியில், "சரி மச்சான், நானும் வசந்தாவும் உக்கார்றோம்" என்றார். வசந்தா அவர் மனைவி. சேதியைச் சொன்னதும் அக்கா போனிலேயே அழுதாள்.

4

பத்திரிகை அடிக்கும் பொறுப்பு என்னுடையது. தொழிற்சாலையில் எனக்குத் தரச் சோதனைப் பிரிவில் வேலை. கார் பாகங்களில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புகிறவன். அப்படிப்பட்டவன் பார்க்கிறான் என்று எல்லாரும் நிம்மதியாக விட்டுவிட்டார்கள்.

வீட்டில் கணினி இருந்திருந்தால் ஒரே கோப்பாக வைத்துத் திருத்தித் திருத்தி முழுசாக ஒரு தடவை அனுப்பியிருப்பேன். இப்போது போனில்தானே. பேருந்தில் போகும்போது பெயர்களை அடித்துப் பெரம்பலூர் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். சில நாள் கழித்துக் கலியபெருமாள் சம்மதம் சொன்னார். உடனே அதே கடைக்குத் தனியாக ஒரு செய்தி போட்டேன், அபிநயாவின் அப்பா அம்மா பெயருக்குக் கீழே, தாரைவார்த்துக் கொடுப்பவர்கள் என்று இவர்கள் இரண்டு பேரையும் சேர்க்கச் சொல்லி. கடையில் தட்டச்சு செய்கிற பெண்ணுக்கு நாள் முழுக்க இப்படி எத்தனை பேர் துண்டு துண்டாக அனுப்புவார்களோ. முதல் செய்தியைப் பார்த்து அடித்துவிட்டாள். இரண்டாவது எங்கோ கீழே போய்விட்டது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

மாதிரி, படமாக வந்தது. இரண்டு பக்கச் சொந்தமும் இருக்கிற குடும்பக் குழுவில் போட்டேன். ஒரு முழத் தாளில் வர வேண்டிய பத்திரிகை உள்ளங்கைக்குள் கிடந்தது. எழுத்தெல்லாம் கடுகு. விரலால் விரித்தால் பெரிதாகும். ஆனால் விரித்த இடம் மட்டும்தான் தெரியும். நான் எங்கே விரித்தேன் என்று இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. தாய்மாமன் என்று இருக்கிறதா, என் பட்டத்தில் புள்ளி விழுந்திருக்கிறதா, ஜெர்மனி சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். சென்னையிலிருக்கும் பெரியம்மா மகன் அவன் பெயர் இருந்த இடத்தை விரித்திருப்பான். துறையூர் சித்தி அவள் பேரப்பிள்ளைகளைத் தேடியிருப்பாள். ஒவ்வொருத்தராகக் கட்டைவிரல் படத்தைப் போட்டார்கள். வரிசையாகக் கட்டைவிரல்கள். அடிக்கச் சொல்லிவிட்டேன்.

அக்கா கல்யாணத்துக்கும் பத்திரிகை அடித்தது பெரம்பலூரில்தான். அப்பா, எங்கள் தாய்மாமா, நான் மூன்று பேரும் பஸ் ஏறிப் போனோம். கடைக்காரர் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, "ஒருத்தர் சத்தமா படிங்க, மத்தவங்க கேளுங்க. படிக்காம நான் அடிக்க மாட்டேன்" என்று கறாராகச் சொன்னார். மாமா படித்தார். நடுவில் அப்பா நிறுத்தி, "எங்க பெரியண்ணன் பேரு எங்க" என்று கேட்டார். விட்டுப்போயிருந்தது. அங்கேயே சேர்த்தார்கள். திரை பெரிது என்பது மட்டும் காரணமில்லை. ஒருத்தர் படிக்க இன்னொருத்தர் காது கொடுத்தால், அடுத்தவன் பெயரும் நம் காதில் விழுந்துதான் தீரும்.

5

அச்சடித்த கட்டு வந்ததும் முதல் பத்திரிகையைக் குலதெய்வத்துக்கு வைத்தார்கள். இரண்டாவது, கலியபெருமாள் வீட்டுக்கு. அக்காவும் அபிநயாவும் தட்டில் பழம், பூ, வெற்றிலை பாக்கு வைத்து, பெரம்பலூரில் பஸ் மாறி அரியலூர் போனார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸிலிருந்தே அக்கா கூப்பிட்டாள். குரல் கேட்டதும் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

"சேகரு, பத்திரிகையில அவரு பேரு இல்லடா."

"யாரு பேரு?"

"அபி சித்தப்பா பேரு. வசந்தா கையில வாங்கி அங்கயே சத்தமா படிச்சா. உன் பேரெல்லாம் கொட்ட எழுத்துல இருக்கு. அவங்க பேரு மட்டும் இல்ல. படிச்சு முடிச்சுட்டு பின்பக்கம் வேற திருப்பிப் பாத்தா. எனக்கு அப்படியே பூமிக்குள்ள போயிரலாம் போல இருந்துச்சு."

"அவரு என்ன சொன்னாரு?"

"என்கிட்ட எங்க பேசுறாரு. டிவியப் பாத்துகிட்டு, வசந்தா அவங்களுக்கு காப்பி போடுன்னாரு. அவ்ளோதான். நான் வேணும்னே வுட்டுட்டேன்னு நெனச்சிருப்பாருல்ல? ஒத்தப் பேரு, அதக்கூடவாடா பாக்கல நீ?"

போனை வைத்த பிறகு சுமதியிடம் கத்தினேன். அந்தப் பெட்டி மூலையில் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா என்று கத்தினேன். யாழினி தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஒரு அங்கிள் பேர் விட்டுப்போச்சு. அதுக்கு ஏன்பா இப்படி? அங்கதான் இருபது அங்கிள் இருக்காங்களே" என்றாள்.

அவளுக்கு நானும் இன்னொரு வீட்டில் ஒரு அங்கிள்தான், கலியபெருமாளும் ஒரு அங்கிள்தான். இந்த ஊர் மொழியில் மாமா, சித்தப்பா, பெரியப்பா எல்லாருக்கும் ஒரே வார்த்தை. பெண்ணின் கையைப் பிடித்துக் கொடுக்க வேண்டியவர் அதில் எவர் என்று அவளுக்கு எப்படித் தெரியும். நான் சொல்லித்தரவில்லை என்று சுமதி சொல்வாள். சொல்ல ஆரம்பித்தால் யாழினி காதில் எப்போதும் பாட்டுக் கேட்கிற அந்த வெள்ளைக் குமிழ் இருக்கிறது, யாரிடம் போய்ச் சொல்ல.

6

கலியபெருமாளைக் கூப்பிட்டேன். எடுக்க மாட்டார் என்று நினைத்தேன், எடுத்தார். லாரி எங்கோ லோடுக்கு நிற்கிறது போல, பின்னால் ஒரே இரைச்சல்.

"மாப்ள, தப்பு நடந்துபோச்சு. பேரு விட்டது நாங்க வேணும்னு செஞ்சதில்ல. கடையில அடிக்கும்போது விட்டுப்போச்சு. நானும் சரியா பாக்கல."

"வுடுங்க மச்சான். நான் அன்னைக்கே பாத்துட்டேன்."

"என்னைக்கு?"

"நீங்க குரூப்புல போட்டீங்கல்ல, அன்னைக்கு. எம் பேரு எங்க இருக்குன்னு தேடுனேன். வசந்தாவையும் பாக்கச் சொன்னேன், எனக்குக் கண்ணு தெரியலயோன்னு. இல்ல. சரின்னு வுட்டுட்டேன்."

"அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல மாப்ள?"

"என்னான்னு சொல்றது? எம் பேரப் போடுங்கன்னு நானே கேக்கறதா? எல்லாரும் கட்டவெரல் போட்டாங்க. நானும் போட்டேன்."

பேசிக்கொண்டே குழுவுக்குள் போய்ப் பார்த்தேன். இருந்தது. வரிசையின் நடுவில் அவருடைய கட்டைவிரல். அதைப் பார்த்துத்தான் நான், அவரே சரி என்றுவிட்டார் என்று, அடிக்கச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பழைய கடையில் எங்களோடு அவரும் நின்றிருந்தால், பெயர் இல்லை என்று தெரிந்த நிமிஷமே முகம் மாறியிருக்கும். நாலு பேரில் ஒருத்தராவது கேட்டிருப்போம். மஞ்சள் விரலில் எந்த முகம் தெரியும்.

"மாப்ள, மறுபடி அடிக்கறேன். எல்லாத்தையும்."

"எதுக்கு மச்சான் வீணா. நான் வரலன்னா சொன்னேன்? வர்றேன், பந்தியில உக்காந்து சாப்டுறேன், மொய் எழுதிட்டு வந்துடறேன். மணையில வேற யாரையாச்சும் உக்காரச் சொல்லுங்க."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சாதாரணமாகச் சொன்னார். அக்கா ஆசைப்பட்டது அங்கேயே முடிந்துபோயிற்று என்று தோன்றியது. அப்போதுதான் கேட்டேன்.

"மணையில உக்கார்றது உங்க இஷ்டம் மாப்ள. ஆனா மறுபடி அடிக்கும்போது முழுசா யாராச்சும் கம்ப்யூட்டர்ல பாத்துப் படிக்கணும். என்னால இங்கேர்ந்து போன்ல பாத்து இனிமே ஒண்ணும் சொல்ல முடியாது. எனக்கே என்மேல நம்பிக்கை இல்ல. உங்களுக்கு பெரம்பலூர் பக்கம் லோடு இருக்கும்ல?"

பக்கத்தில் யாரிடமோ லோடு நாளைக் கேட்டுக்கொண்டார். "சனிக்கிழமை அந்தப் பக்கம் வருவேன்" என்றார்.

விட்டுப்போன இரண்டு பெயரையும் சேர்க்கக் கடைக்கு மறுபடி சொல்லிவிட்டு, அக்காவிடமும் சொன்னேன். "நானும் போறேன்" என்றாள். அவர் வருவார் என்று தெரிந்தேதான் சொன்னாள்.

7

சனிக்கிழமை காலை இங்கே நான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது கலியபெருமாள் வீடியோவில் கூப்பிட்டார். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் அதே கடை. திரையில் அவர் தாடை, அப்புறம் மின்விசிறி, அப்புறம் சுவரில் மாட்டியிருந்த மாதிரிப் பத்திரிகைகள் தெரிந்தன. ஓரத்தில் அக்காவின் புடவைத் தலைப்பு. இருவருக்கும் நடுவில் இன்னும் இரண்டு பேர் நிற்கலாம்.

கடைப் பெண் நாற்காலியை நகர்த்திவிட்டு, "எழுத்து பெருசா தெரியுதாங்க?" என்று கேட்டாள்.

"தெரியுதும்மா. இரு, கண்ணாடி போட்டுக்கறேன்" என்றார் கலியபெருமாள். கண்ணாடியை எடுக்கக் கை வேண்டுமே. "மச்சான், ஒரு நிமிசம்" என்று சொல்லி என்னைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஒரே இருட்டு. துணி உரசும் சத்தம், பஸ் ஹாரன், யாரோ ஜெராக்ஸ் கேட்கும் குரல். எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு பாடுபட்டு ஏற்பாடு செய்துவிட்டு, முக்கியமான நேரத்தில் பைக்குள் கிடக்கிறேன். "மாப்ள, என்னை எடுத்து வெளிய வைங்க" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. படிக்க ஆரம்பித்துவிட்டார்.

மேலே இருந்த சாமி பெயர், முகூர்த்தம், மண்டபம் என்று ஒவ்வொரு எழுத்தாக, லாரி ஓட்டுகிறவர் மைல்கல்லைப் படிப்பது போலப் படித்தார். "வேப்பந்தட்டை…" என்றார். "தெய்வத்திரு…" என்றார். அதோடு நின்றுவிட்டது.

இணைப்பு அறுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஹலோ ஹலோ என்றேன். பஸ் ஹாரன் மறுபடி கேட்டது. அப்படியென்றால் அறுந்துபோகவில்லை. அவரால் முடியவில்லை.

"படிங்க தம்பி."

அக்காவின் குரல். இத்தனை வருஷத்தில் அவரைப் பார்த்து அவள் பேசிய முதல் வார்த்தை.

"கண்ணாடி பழசாப் போச்சு அண்ணி. எழுத்து ஓடுது. நீங்க படிங்க."

என் அக்கா தன் வீட்டுக்காரர் பெயரை வாயால் சொன்னதே கிடையாது. ரேஷன் கடையில் கேட்டால்கூட அபியைச் சொல்லச் சொல்வாள். ஆஸ்பத்திரியில் அவர் கடைசியாகக் கிடந்தபோது, நோயாளி பெயர் என்ன என்று நர்ஸ் கேட்டதற்கும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தாள். அப்போதும் நான்தான் சொன்னேன். இப்போது பைக்குள் இருந்த என்னை அவள் பார்க்க முடியாது.

"தெய்வத்திரு செல்வராசு" என்று படித்தாள். சத்தமாக, திருத்தமாகப் படித்தாள். "திருமதி மல்லிகா, இவர்களின் செல்வப் புதல்வி அபிநயா." ஒரு மூச்சு விட்டுக்கொண்டாள். "பெண்ணைத் தாரைவார்த்துக் கொடுப்பவர்கள், திரு கலியபெருமாள், திருமதி வசந்தா."

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அது யார் என்று பைக்குள்ளிருந்து எனக்குத் தெரியவில்லை. இங்கே அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது, அதை அணைக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன். யாழினி வந்து அடுப்பை அணைத்தாள். "ஏன்பா கறுப்பு ஸ்கிரீனைப் பாத்து அழற?" என்றாள். வாயில் விரலை வைத்துக் காட்டினேன். காதிலிருந்த குமிழைக் கழற்றிவிட்டு அவளும் பக்கத்தில் நின்றாள்.

"நாங்க மொத நாள் காலையிலயே வந்துடறோம் அண்ணி" என்றார் கலியபெருமாள். "மணையில உக்காரப் பட்டு வேட்டி எடுக்கணுமா, இல்ல அண்ணன் வேட்டி வூட்ல இருக்கா?"

"இருக்கு தம்பி. உங்க அண்ணனோடதுதான், தொவச்சு வச்சிருக்கேன்."

அப்புறம் மாப்பிள்ளை வீட்டுப் பெயர்களை அக்கா படித்தாள், தாய்மாமன் பெயரைப் படித்தாள், ஒவ்வொன்றுக்கும் அவர் "சரி" என்றார். என் பெயர் வந்தபோதும் "சரி" என்று மட்டும்தான் சொன்னார். கடைப் பெண்ணிடம் அடிக்கச் சொல்லிவிட்டு, டீ குடிக்கலாமா என்று பேசிக்கொண்டே இருவரும் படியிறங்கினார்கள். அதுவரை என்னைப் பையிலிருந்து யாரும் வெளியே எடுக்கவில்லை.